எடை பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்

வாட்ஸ்ஆப்பில் புடவை விற்பவர்கள், இன்ஸ்டாகிராமில் கொலு பொம்மையும் நாட்டு மருந்துப் பொடியும் விற்பவர்கள், வீட்டில் அப்பளம் இட்டு வெளியூருக்கு அனுப்புபவர்கள் என்று இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பொருளை எடை போடாமல், பெட்டியை அளக்காமல், ‘ஷிப்பிங் 50 ரூபாய்’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்சலோடு கவுண்டரில் நிற்கும்போதுதான் உண்மையான கட்டணம் தெரிகிறது. வாங்கியவரிடம் மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, வித்தியாசத்தைக் கைக்காசில் கட்டுகிறார்கள். பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ முழுப் பணமும் போகிறது. இரண்டையும் தடுக்க வழி இருக்கிறது. அதற்கு முதலில் கட்டண அட்டவணையைப் படிக்க வேண்டும்.

கட்டணம் எப்படி வருகிறது?

2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டுக்குப் புதிய கட்டணம் வந்தது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை வெளியூருக்குத் தூரத்தைப் பொறுத்து 70 முதல் 93 ரூபாய். இந்தப் பட்டியலைத்தான் பலரும் படமெடுத்துப் பகிர்கிறார்கள். இது கடிதங்கள், ஆவணங்களுக்கான பட்டியல் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. புடவையும் பொம்மையும் பார்சல் கணக்கில் போகும். பார்சலுக்குத் தனி அட்டவணை. பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 47 ரூபாய் என்று பார்த்தது கவுண்டரில் 55 ரூபாயைத் தாண்டும்.

கட்டணத்தை முடிவு செய்பவை மூன்று: எடை, தூரம், பெட்டியின் அளவு.

எடை படிப்படியாகக் கணக்கிடப்படுகிறது. 500 கிராமுக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்கான கட்டணம் முழுவதும் விழும். புடவை மட்டும் 480 கிராம் இருக்கலாம்; அட்டை, கவர், டேப் சேர்ந்தால் 530 கிராம். ஆகவே பொருளைத் தனியாக எடை போட்டுப் பயனில்லை. கட்டி முடித்த பார்சலை எடை போடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

தூரம் 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்ற எல்லைகளில் மாறுகிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கும் டெல்லிக்கும் ஒரே ஷிப்பிங் தொகை சொல்பவர், திண்டுக்கல்காரரிடம் கூடுதலாக வாங்குகிறார் அல்லது டெல்லிக்காரருக்காகத் தன் காசை இழக்கிறார்.

பலர் அடிபடுவது பெட்டியின் அளவில்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் வருவது பரிமாண எடை, கிலோ கணக்கில். உண்மை எடை, பரிமாண எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரம் உள்ள பெட்டியில் 900 கிராம் பொம்மையை வைத்தால் அதன் கணக்கு எடை 3 கிலோ. பாதுகாப்புக்கு என்று பெரிய பெட்டியைத் தேடாதீர்கள். பொருளுக்குப் பொருந்திய பெட்டியும் இறுக்கமான நிரப்பலுமே பாதுகாப்பு.

இந்த மூன்றும் கையில் இருந்தால், அஞ்சல் துறை இணையதளத்தின் கட்டணக் கணிப்பானில் இரு ஊர்களின் பின்கோடுகளையும் போட்டுச் சரியான தொகையை எடுக்கலாம். விலை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

புத்தகம் விற்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மே 1 முதல் ‘ஞான போஸ்ட்’ என்ற சேவை இருக்கிறது. கல்வி, பண்பாடு, சமய நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய்க்கும் அனுப்பலாம், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், நாள் கூடும். கவுண்டரில் தாமாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தொலைந்தால் என்ன கிடைக்கும்?

2500 ரூபாய்ப் புடவை தொலைந்தால் அஞ்சல் துறை 2500 ரூபாய் தரும் என்று நம்புபவர்கள் ஏராளம். தராது. 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம் 2023, விதிகளில் வகுத்த அளவைத் தாண்டி அஞ்சலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. ஸ்பீடு போஸ்ட்டில் நெடுங்காலமாக உள்ள விதி இது: பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 90 ரூபாய் கட்டியவருக்கு 180 ரூபாய். அவ்வளவுதான்.

உங்களிடம் வாங்கியவருக்கோ இந்த வரம்பு பொருந்தாது. உடைந்த பொருள் வந்தால் அவர் உங்களைத்தான் கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. நடுவில் உள்ள நஷ்டம் உங்கள் தலையில். அதனால் விலை கூடிய பொருளை அனுப்பும்போது கவுண்டரிலேயே இன்சூரன்ஸ் கேளுங்கள். உண்மையான மதிப்பை எழுதிக் கொடுங்கள். அந்தக் கட்டணத்தை விலையில் சேருங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இன்சூரன்ஸை விடாதீர்கள்.

விலையை மறைத்து, பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் ஷிப்பிங்கைச் சேர்ப்பதும் வேண்டாம். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இதை நுகர்வோரை ஏமாற்றும் முறைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. பொருள் விலை, தபால் செலவு, மொத்தம் மூன்றையும் முதலிலேயே எழுதுங்கள்.

புகார் எங்கே, எப்படி?

ரசீது இல்லாமல் எதுவும் நடக்காது. எழுத்தும் எண்ணுமாக 13 குறிகள் கொண்ட ட்ராக்கிங் எண், எடை, கட்டணம், தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வாங்கியவுடன், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், எடையும் பின்கோடும் சரியா என்று பாருங்கள். ரசீதைப் போட்டோ எடுங்கள். அதன் மை சீக்கிரம் மங்கிவிடும். பெட்டியை மூடும் முன் பொருளையும், மூடிய பின் முகவரி தெரியும் பக்கத்தையும் படமெடுங்கள்.

பார்சல் வரவில்லை என்றால் முதல் வேலை புகார் எண் வாங்குவது. 1800-266-6868 என்ற இலவச எண்ணிலோ அஞ்சல் துறை இணையதளத்திலோ பதியலாம். ‘வந்துடும், பொறுங்க’ என்ற கவுண்டர் பதிலோடு திரும்பாதீர்கள். வாயால் சொன்ன பதிலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது தெரியும். இருந்தும் புகாரை எழுதி வாங்கத் தயங்குகிறார்கள்.

பதில் இல்லையா? உங்கள் அஞ்சல் கோட்டத்தின் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். ரசீது நகல், புகார் எண், பொருளின் பில், ட்ராக்கிங் பக்கத்தின் அச்சு நான்கையும் இணையுங்கள். நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அடுத்தது மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சல் துறை நடத்தும் ‘டாக் அதாலத்’ என்ற குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதற்கான கடைசித் தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ‘எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, நீங்கள் வணிகர்’ என்று துறை வாதாடும் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். அங்கே உங்களுக்குத் துணை நிற்பவை ரசீதும் ஒப்புகை பெற்ற மனுவும் மட்டுமே.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, பின்கோடு, கட்டிய பார்சலின் எடை, அளவு, கட்டணம், ட்ராக்கிங் எண் என்று ஆறு பத்திகள். ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். சில மாதங்களில் உங்கள் பொருளுக்கு எந்த ஊருக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த நோட்டே சொல்லும். அதன் பிறகு யாராவது ‘ஷிப்பிங் எவ்வளவு?’ என்று கேட்டால், ஊகத்தைச் சொல்லாமல் கணக்கைச் சொல்லலாம்.