சாதாரண தட்டில் சிக்காத லெஜியோனெல்லா: லேபில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

1976 ஜூலை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் ராணுவ வீரர்களின் மாநாடு. அது முடிந்த கையோடு பலருக்குக் கடும் நிமோனியா. ஹோட்டல் பக்கமாக நடந்துபோனவர்கள் சிலரையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். வழக்கமான கல்ச்சர் எதிலும் கிருமி சிக்கவில்லை. ஜோசப் மெக்டேட் அதைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துக் கண்டுபிடிப்பதற்குள் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஓடிவிட்டது.

ஏன் இந்தப் பிடிவாதம்?

லெஜியோனெல்லாவுக்கு சிஸ்டைன் என்ற அமினோ அமிலமும் இரும்புச்சத்தும் கட்டாயம் வேணும். அதனால் ஈஸ்ட் சாறும் கரித்தூளும் கலந்த கறுப்புத் தட்டில் வளர்க்கிறார்கள். கரி சத்துக்காக இல்லை. கிருமியைக் கெடுக்கும் நச்சுகளை உறிஞ்சத்தான். 35 டிகிரியில் வைத்தால் 3 முதல் 5 நாளில் காலனி தெரியும். அதைச் சிஸ்டைன் இல்லாத தட்டுக்கு மாற்றுவார்கள். அங்கே வளரலைன்னா, ஆள் அநேகமா இவர்தான்!

சிறுநீர் டெஸ்ட் சீக்கிரம் சொல்லிடுமே?

சொல்லும். ஆனால் பெரும்பாலும் நியூமோஃபிலா இனத்தின் முதல் வகையை மட்டுமே பிடிக்கும். ‘நெகட்டிவ்’ வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. தவிர, கிருமி கூலிங் டவரிலிருந்து வந்ததா, ஷவரிலிருந்தா என்று ஒப்பிட்டுப் பார்க்க, நோயாளியிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமி கையில் இருக்க வேண்டும். (வீட்டு ஸ்பிளிட் ஏசியை நினைத்துப் பயப்படாதீங்க, அது தண்ணீரைத் தெளித்துக் குளிர்விப்பதில்லை.)

சளி மாதிரியோடு போகும் சீட்டில் டாக்டர் ‘லெஜியோனெல்லா’ என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் லேபில் வழக்கமான தட்டைத்தான் எடுப்பார்கள்.