"ஹேங் ஆகுதுங்க பாய்"

2004-ல் கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், சுவரோரம் மூடி கழற்றிய ஏழெட்டு கேபினெட்டுகள். பக்கத்துப் பகுதியான கரும்புக்கடையிலிருந்து என் சி.பி.யூ.வைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ஏறாமல் தள்ளிக்கொண்டே போவேன். "ஹேங் ஆகுதுங்க பாய்" என்பேன். கடைக்கார பாய் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "எப்ப ஹேங் ஆகுது தம்பி? கேம் போட்ட உடனேயா, ஆடி அரை மணி நேரம் கழிச்சா?"

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

அன்று என்னிடம் இருந்தது பென்டியம் 4, 256 எம்.பி. ராம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, 'ஆன்போர்டு'தான். அதில் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி ஆட ஆசை. 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த விளையாட்டு கேட்டது குறைந்தது 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 128 எம்.பி. ராம், 32 எம்.பி. கிராஃபிக்ஸ் கார்டு. முதல் இரண்டும் என்னிடம் தாராளமாக இருந்தன. மூன்றாவதுதான் இடித்தது. ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை, ராமிலிருந்து கடன் வாங்கும். வெயிலில் ஓடுகிற வண்டி, விளையாட்டுக்குள் மழை பிடித்தால் நகராது. ஒவ்வொரு துளியையும் வரைந்து முடிப்பதற்குள் திணறிவிடும். பாய் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழை வந்ததும் தலையாட்டினார். "ராம் இல்ல தம்பி, கார்டு." ஒரு பழைய ஏ.ஜி.பி. கார்டை வேறொரு கேபினெட்டிலிருந்து உருவி என்னுடையதில் செருகினார். அதற்குப் பிறகு மழையிலும் வண்டி ஓடியது. ஒன்றை மாற்றிப் போட்டுப் பார், மாறுகிறதா என்று பார். அவர் முறை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் காதும் மூக்கும் கையும்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு மரபு உண்டு என்று நினைக்கிறேன். கோயமுத்தூர் பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். மோட்டார் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு "பேரிங் போச்சுங்க" என்பார். புறங்கையை மோட்டாரின் உடம்பில் வைத்துச் சூட்டைச் சொல்வார். அந்தக் கைகள்தான் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளையும் ரிப்பேர் மேசைகளையும் நடத்தின. 'பீப்' சத்தத்தை எண்ணி ராம் சரியாக உட்காரவில்லை என்பார்கள். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள். பாதி கேஸ் அதிலேயே எழுந்துவிடும். மதர்போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் விரலால் தடவியே கண்டுபிடிப்பார்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் உலகம் முழுக்க இருந்த வியாதி அது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் 'பழசாயிடுச்சு' என்று எடைக்குப் போனதற்கு அந்தச் சுண்டுவிரல் நுனி அளவுச் சாமான் காரணம்.

2012-ல் கரன்ட் போய்ப் போய் வந்த நாட்களில் நோயின் முகம் மாறியது. விண்டோஸ் நன்றாக ஓடும், விளையாட்டைத் தொடங்கினால் ரீஸ்டார்ட் ஆகும். சும்மா இருக்கும்போது கார்டு கேட்கிற மின்சாரம் கொஞ்சம், ஆடும்போது கேட்பது பல மடங்கு. லோ வோல்டேஜில் அடிபட்டுத் தேய்ந்த மின்சாரப் பெட்டியால் (எஸ்.எம்.பி.எஸ்.) அதைக் கொடுக்க முடிவதில்லை. பலர் கார்டை மாற்றிக் காசைத் தொலைத்தார்கள்.

இன்று அந்த மாடிப்படிக்குக் கீழே கடை இல்லை. 2018-ல் தொடங்கிய மேம்பால வேலை முடிந்து, 2024 ஆகஸ்ட் 9-ல் உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் திறந்தார்கள். பெரியகுளத்தின் கரையில் நடைபாதை வந்துவிட்டது. போக்குவரத்துக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வேலை நடந்த அத்தனை வருடமும் சாலையோரத்து வீடுகள் புழுதியைத்தான் சுவாசித்தன. வீடு சுவாசித்ததை வீட்டிலிருந்த கம்ப்யூட்டரும் சுவாசித்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் என் அண்ணன் மகனின் லேப்டாப்.

2018 வாக்கில் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் சிப். "சித்தப்பா, ஜி.டி.ஏ. ஃபைவ் சிக்கிச் சிக்கி வருது. கடையில காட்டினேன். பழசு, புதுசு வாங்கிக்கோன்னுட்டாங்க." மூடியைக்கூடக் கழற்றாமல் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. நான் பாயின் கேள்வியைக் கேட்டேன். எப்போது சிக்குகிறது? பையன் யோசித்தான். "முதல் பத்து நிமிஷம் நல்லா இருக்கும் சித்தப்பா."

பத்து நிமிடம் நன்றாக ஓடினால் அந்த இயந்திரத்துக்குத் திறன் இருக்கிறது என்று பொருள். பிறகு எதுவோ அதன் கழுத்தைப் பிடிக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பாய் திரையைப் பார்த்து ஊகித்ததை அது எண்ணாக எழுதிக் காட்டும். விளையாட்டை ஓடவிட்டு 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பார்த்தோம். தொடக்கத்தில் பிராசஸர் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது. பத்தாவது நிமிடம் 1.2-க்கு விழுந்தது. வெப்பம் 95, 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கழற்றினோம். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம், முழுசாக உரித்தெடுக்க வந்தது. பிராசஸர் மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. போதாக்குறைக்கு அவன் ஆடுவது மெத்தை மேல் வைத்து, காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டு. சுத்தம் செய்து புது பேஸ்ட் தடவி மேசைக்கு மாற்றியதும் வேகம் விழுவது நின்றது.

ஆனால் வேகமாகக் கார் ஓட்டும்போது மட்டும் இன்னும் ஒரு வெட்டு. மறுபடி டாஸ்க் மேனேஜர். அந்த நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. வைஸ் சிட்டி டிஸ்கில் குறைந்தபட்சம் கேட்ட இடம் ஒரு ஜி.பி.கூட இல்லை. ஜி.டி.ஏ. ஃபைவ் 65 ஜி.பி.க்கு மேல். கார் போகப் போக முன்னால் வரும் தெருவை டிஸ்கிலிருந்து எடுத்துத் தர வேண்டும். சுழலும் தட்டில் முள் இடம் தேடித் தாவுவது நொடிக்கு நூறு தடவையே அதிகம். எஸ்.எஸ்.டி.யில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதை மாற்றினோம், வெட்டு போயிற்று.

கிராஃபிக்ஸ்தான் குறையா என்று அறியவும் செலவில்லாத சோதனை உண்டு. ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். ஓட்டம் கூடினால் தடை கிராஃபிக்ஸ் கார்டு. அப்படியே இருந்தால் பிராசஸரையோ ராமையோ பாருங்கள். மொத்த பிராசஸர் 30 சதவீதம்தான் என்று ஏமாற வேண்டாம். ஒரே ஒரு கோர் முழுசாக மாட்டிக்கொண்டிருக்கலாம். தனி கார்டு உள்ள டெஸ்க்டாப் என்றால் மானிட்டர் வயர் அந்த கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு மாதக்கணக்கில் ஆன்போர்டில் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்று இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. பிரவுசிங் சென்டரில் பத்து கம்ப்யூட்டரை வயரால் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய காலத்தில் எதிரி பக்கத்து நாற்காலியில் இருந்தான். இன்று எதிரி எங்கோ, சர்வர் மும்பையில். பையன்கள் எல்லாவற்றுக்கும் 'லேக்' என்கிறார்கள். படம் திக்கித் திக்கி வந்தால் அது கம்ப்யூட்டரின் நோய். படம் வழவழவென்று ஓடி, ஆள் மட்டும் நின்ற இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவினால் அது இணையத்தின் நோய். அதற்குப் புது கார்டு வாங்கிப் பயனில்லை. வைஃபையை விட்டு வயரில் இணைத்துப் பாருங்கள்.

உண்மையிலேயே காலம் முடிந்த இயந்திரங்களும் உண்டு. கேம் விற்கும் தளமான ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப் பழைய போர்டுகளில் இல்லை. அப்படிப்பட்டதில் புது விளையாட்டைத் திணிக்காதீர்கள். அதன் வயதுக்கேற்ற விளையாட்டை அது இன்னும் அழகாக ஓட்டும்.

மற்றவற்றை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஏ.ஐ. மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. புதுசு வாங்கச் சொல்லும் கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கேம் ஓடும்போது எந்த எண் நூறில் நிக்குதுங்க? போட்ட உடனேயா, அரை மணி நேரம் கழிச்சா?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.