மோதிய வண்டிக்காரர் ஒத்துழைக்காவிட்டால்: அந்தமானில் விபத்து இழப்பீடு பெறும் வழி

அபர்தீன் பஜாரிலோ டெலானிப்பூர் சந்திப்பிலோ இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் முதலில் காதில் விழுகிற பேச்சு அநேகமாக ஒன்றுதான்: "போலீஸ் எதுக்கு அண்ணே, நமக்குள்ள பேசி முடிச்சுக்குவோம்." இதையே இந்தியில் சொல்வார்கள், வங்காளத்தில் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நாலு நாள் போனால் போனை எடுக்க மாட்டார். பத்து நாள் போனால், "நீதானே குறுக்கே வந்தே?" என்பார். லைசென்ஸ் காட்டமாட்டார், இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் நம் வழக்கு அவ்வளவுதான் என்று நம்மவர்களில் பலர் எண்ணி விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 134 என்ன சொல்கிறது? விபத்து நடந்தால் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் வழி செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். பாலிசி எண் உள்ளிட்ட விவரங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தர வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது பிரிவு 187. வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் ஓனர் சொல்லியே தீர வேண்டும். அது பிரிவு 133. இழப்பீடு கேட்க உரிமையுள்ளவர் வண்டியின் விவரத்தையும் ஓட்டியவர் விலாசத்தையும் கேட்டால் பதிவு அதிகாரியும் காவல் நிலையமும் தர வேண்டும்; அது பிரிவு 160. ஆகவே நமக்கு வேண்டியது டிரைவருடைய நல்ல மனசு அல்ல, அந்த வண்டியின் நம்பர். 'ஏஎன் 01' என்று தொடங்கும் அந்த எண்ணை போனில் படம் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டாலே இன்ஷூரன்ஸ் எதுவரை செல்லும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நாம் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எதிராளி ஸ்டேஷனுக்குப் போய்த் தன் கதையை முதலில் எழுதிவைத்துவிடலாம். நம் வாக்குமூலத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, "தஸ்தகத் கரோ" என்று பேனாவை நீட்டுவார்கள். படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆரின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். சாட்சி விஷயத்திலும் அவசரம் வேண்டும். கூட வேலை பார்த்தவர் அடுத்த கப்பலில் சென்னைக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. அன்றே அவருடைய ஊர் விலாசத்தையும் போன் நம்பரையும் வாங்கிவைக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். டிரைவருக்கு ஒரு படிவம், ஓனருக்கு ஒரு படிவம். 30 நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. இந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. போலீஸ் அனுப்பும் அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது என்பது என் கருத்து. 2019 திருத்தம் மனுப்போட ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. கெடுவுக்குள் நம் மனு நம் கையால் போவதே நல்லது.

வழக்கில் டிரைவரையும் ஓனரையும் கம்பெனியையும் சேர்க்கிறோம். டிரைவர் நோட்டீஸை வாங்கவில்லை, கோர்ட்டுக்கு வரவில்லை என்றால்? அவர் இல்லாமலே விசாரணை நடக்கும். அவருக்குப் பதிலாகக் கம்பெனி எல்லா வாதங்களையும் எடுத்துவைக்கத் தீர்ப்பாயம் அனுமதி தரலாம், அவ்வளவே. கிரிமினல் கேஸைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பாரம் இங்கே இல்லை. எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று கம்பெனி நழுவப் பார்க்கும். 2004ல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

"ஊர்க்காரப் பையன், அவன் மேலே எப்படி கேஸ் போடறது?" என்று கேட்பவர்கள் உண்டு. லைசென்ஸும் பாலிசியும் சரியாக இருந்தால் அந்தப் பையன் கையிலிருந்து ஒரு காசு போகாது. இதைப் புரியவைத்தால் ஒத்துழைக்காத டிரைவரில் பாதிப்பேர் ஒத்துழைப்பார்கள். அவர்கள் முறைப்பதற்குக் காரணம் பல சமயம் பயம்தான்.

பேசி முடித்துக்கொள்வதில் என்ன போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம், விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் அவரை நம்பியிருக்கிறார்கள். 2009, 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி, எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. வருடத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய், அதற்குமேல் ஈமச்சடங்கு முதலான தொகைகள். அந்த வீட்டு வாசலில் ஒன்றரை லட்சத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள். ஆனால் 15,000 சம்பாதித்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும்: மேஸ்திரியின் கூலி நோட்டு, வங்கிப் புத்தகம், ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லாவிட்டால் குறைந்தபட்சக் கூலியை வைத்துப் போட்டுவிடுவார்கள்.

யார் தப்பு என்றே பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் பிரிவு 164ம் இருக்கிறது. சீக்கிரம் கிடைக்கும் என்று அவசரப்பட்டு அதை வாங்கிவிட்டால் தீர்ப்பாயத்திலுள்ள பெரிய வழக்கு காலாவதி ஆகிவிடும். மோதிவிட்டு ஓடிய வண்டி இன்னதென்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. தாசில்தார் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

காருக்கு மட்டும் சேதம் என்றால், நம்முடையது முழுப் பாலிசியாக இருக்கும்பட்சத்தில் நம் கம்பெனியிடமே வாங்கிக்கொள்வது சுருக்க வழி. நோ-க்ளெய்ம் போனஸ் போகும்; அந்தப் பணத்தை எதிராளியிடம் வசூலிப்பதை நம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

குடும்பம் இராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருந்தால் வழக்குக்காகக் கடல் தாண்டி வர வேண்டுமா? வேண்டாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், இவற்றில் எங்கே வேண்டுமானாலும் மனுப்போடலாம் என்கிறது பிரிவு 166(2). ஊரிலுள்ள தீர்ப்பாயத்திலேயே போடலாம். இங்கே இருக்கும் உறவினர் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, விரிவான விபத்து அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கி அனுப்பினால் போதும். 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலேயே போட்டால், மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இங்குள்ள சர்க்கியூட் அமர்வுக்குப் போகும். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

இன்னொன்று. வேலைக்குப் போகும்போது பிக்அப் வண்டியின் பின்னால் சிமெண்டு மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்து போகிறோமே, அந்த வண்டி கவிழ்ந்தால் நிலைமை வேறு. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும், வண்டியில் வேலை பார்ப்பவருக்கும்தான் பாலிசி செல்லும். சும்மா தொற்றிக்கொண்டு வந்தவர் என்று கம்பெனி நிரூபித்துவிட்டால் பொறுப்பு ஓனர் தலையில்தான் விழும், அவரிடம் பணம் இருந்தால். சிமெண்டுடன் அனுப்பப்பட்ட ஆள் என்பதற்குக் கடைக்காரரின் டெலிவரி சீட்டிலோ மேஸ்திரியின் நோட்டிலோ பெயர் எழுதியிருந்தால் அந்தத் துண்டுச் சீட்டு அன்றைக்குப் பேசும்.