நடமாடும் வீட்டுக்கு மிதக்கும் தளம்

கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த பின், வேனை வீடாக்கும் ஆசை நம் சங்க அன்பர்கள் சிலரையும் பற்றிக்கொண்டது. கழக்கூட்டத்தில் வசிக்கும் என்னிடம் அவர்கள் முதலில் கேட்பது, தரைக்கு எது நல்லது என்பதே.

பசையோ ஆணியோ இன்றி, பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி விரிப்பதே மிதக்கும் தளம். லாமினேட் பலகையின் உட்பகுதி மரநார். ஈரம் பட்டால் ஊதிவிடும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் கொட்டும் நம் ஊருக்கு அது உதவாது. சுண்ணாம்புக்கல் தூளும் வினைலும் கலந்த எஸ்.பி.சி. பலகை நீருக்கு அஞ்சாது. ஆனால் 4 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. 6 சதுர மீட்டருக்கு 48 கிலோ. வண்டி தாங்கும் எடையில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

விரிக்கும் முன் அடித்தளத்தை நன்கு உலர்த்துங்கள். ஈரத்தை மூடிவிட்டால் ஒட்டுப்பலகை மக்கும், தகடு துருப்பிடிக்கும். அது தெரியவரும்போது முழுவதையும் பெயர்க்க நேரும்.

கட்டில், அலமாரிகளை முதலில் பொருத்தி, அவற்றைச் சுற்றியே தளம் விரிக்க வேண்டும். தளத்தின் மேல் திருகாணி இறுக்கினால், வெயிலில் அது விரிய இடமின்றி மேலெழும்பும். ஓரங்களில் 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரில் மட்டும் பட்டி அடித்து மறைக்கலாம்.

சிறிய வண்டியானால், ஒரே துண்டாக ஒட்டும் வினைல் விரிப்பே போதும் என்பேன்: எடை குறைவு, இணைப்பும் இல்லை.