கண்கட்டு வித்தையிற் கட்டுண்பது எது?

மாயவித்தையைக் 'கண்கட்டு வித்தை' என்பது நம் வழக்கு. ஆயினும் வித்தைக்காரர் எவரும் நம் கண்களைத் துணியாற் கட்டுவதில்லை. அவை திறந்தே இருக்கின்றன. அப்படியாயின் கட்டுண்பது எது? மாணவச் செல்வங்களே, ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தின் ஹேட்போர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் ரிச்சார்ட் வைஸ்மன், 2007ஆம் ஆண்டில் நிறம் மாறும் சீட்டு வித்தை ஒன்றைப் படமாக்கி இணையத்தில் வெளியிட்டார். அவருடன் மேசையருகே இருக்கும் பெண், நீல முதுகுடைய சீட்டுகளுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றார். முடிவில் அச்சீட்டின் முதுகு மட்டும் நீலமாகவே இருக்க, ஏனையவை சிவப்பாகி விடுகின்றன. பார்ப்போர் வியக்கின்றனர். ஆனால் உண்மையான வித்தை வேறு. அவரது சட்டை, அப்பெண்ணின் மேலாடை, மேசை விரிப்பு, பின்திரை ஆகிய நான்கும் இதற்கிடையில் நிறம் மாறிவிட்டன! படக்கருவி ஒருவரையோ சீட்டுகளையோ நெருங்கிக் காட்டியபோது, ஏனையவை படத்திற்கு வெளியே மாற்றப்பட்டன. சீட்டையே நோக்கியிருந்தவர்களுட் பலர், அதனினும் பன்மடங்கு பெரிதான திரை நிறம் மாறியதை உணரவில்லை. கட்டுண்டது அவர்களின் அவதானமே.

பழக்கமும் அவ்வாறே நம்மைக் கட்டும். 1949ஆம் ஆண்டில் ஜெரோம் புரூனர், லியோ போஸ்ற்மன் என்னும் அறிஞர் இருவர் 28 மாணவர்க்குச் சீட்டுகளைக் கணப்பொழுது காட்டினர். அவற்றுட் சிலவற்றில் 'ஸ்கோப்பன்' சிவப்பாகவும் 'ஆட்டின்' கறுப்பாகவும் அச்சிடப்பட்டிருந்தன. மாணவர்களோ பெரும்பாலும் வழமையான சீட்டுகளையே கண்டதாகக் கூறினர். சிலர் ஊதா என்றும் கபிலம் என்றும் கூறினர். அந்நிறங்கள் சீட்டில் இருக்கவில்லை; கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையே மனம் செய்துகொண்ட சமரசமே அவை.

நம் வகுப்பிலும் இது நிகழ்வதுண்டு. 'மரம்' என எழுத எண்ணி 'மறம்' என எழுதிய மாணவர், மீண்டும் வாசிக்கும்போதும் தாம் எண்ணியதையே காண்பார். ஆகவே எழுதியதை மறுநாள் எழுத்தெழுத்தாக வாசியுங்கள்; நண்பரிடமும் கொடுத்துப் பாருங்கள். அவர் கண்ணுக்கு உங்கள் எண்ணம் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "எத்தனை புள்ளிகள்?" என்பதையே நாள்தோறும் வினவினால், நம் அவதானம் அந்தச் சீட்டிலேயே நின்றுவிடும். வீட்டிற் பிள்ளை பேசும் தமிழ் சிறிது சிறிதாகக் குறைவது, பின்திரை நிறம் மாறியது போல நம் கண்முன்னே நிகழ்ந்து முடிந்துவிடும். அதனைக் காண்பதற்குத் தனிக் கூர்மை வேண்டியதில்லை. "இன்று என்ன பார்த்தாய்? தமிழிற் சொல், கேட்போம்" என்று வேறொரு வினாவைக் கேட்டாலே போதும்.