மின்னணுக் கழிவு: ஆபத்தும் சட்டமும் தீர்வும்

பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட கைபேசி, கணினி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மிக்சி, மின்விளக்கு, இவற்றின் உதிரிபாகங்கள் அனைத்தும் மின்னணுக் கழிவே. 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கணக்கிடுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்கு ஆவணம் இருப்பது அதில் 22.3 விழுக்காட்டுக்கு மட்டுமே. வளரும் நாடுகளில் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் வேலையின் பெரும்பகுதி பதிவு பெறாத சிறு பட்டறைகளில் நடக்கிறது. இந்தியாவில் டெல்லியின் சீலாம்பூரும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தும் இதற்குப் பெயர் பெற்ற இடங்கள்.

ஆபத்து எங்கே?

மூடிய நிலையில் வீட்டில் கிடக்கும் பழைய கணினியால் பெரிய தீங்கு இல்லை. அதைப் பிரிக்கும் முறையில்தான் ஆபத்து தொடங்குகிறது. செம்புக்காக வயர்களை எரிக்கும்போது பி.வி.சி. உறை கருகி டையாக்சின் என்னும் நச்சு வெளியாகிறது. சர்க்யூட் போர்டுகளை அடுப்பில் சூடாக்கிப் பாகங்களைக் கழற்றும்போது ஈயம் கலந்த புகை எழுகிறது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் அமிலம் கடைசியில் சாக்கடையில் கொட்டப்படுகிறது. பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் ஈயமும், குழல்விளக்கில் பாதரசமும் உள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவிலுள்ள சிசுவையும் அது விடுவதில்லை. மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்ட மின்னணுக் கழிவுச் சாம்பல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது.

சட்டம் சொல்வது

2022-இல் அறிவிக்கப்பட்ட மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருளைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ தன் பெயரில் விற்கும் நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. இதன்படி நிறுவனங்களுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு: 2023-24 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80. நிதியாண்டில் ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளைப் பயன்படுத்தும் அலுவலகங்களும் நிறுவனங்களும் தங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். கழிவைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தொழிலில் உள்ளவர்களைத் தொழிலாளர்களாகப் பதிவு செய்து, திறன் பயிற்சி அளித்து, அவர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்பது மாநில அரசின் கடமை. இந்த விதிகளுக்கு அடிப்படையான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

நாடுகளுக்கிடையே கழிவு கொண்டுசெல்லப்படுவதை 1989-இல் உருவான பாசெல் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. 2025 ஜனவரி 1 முதல், நச்சுள்ளதோ நச்சற்றதோ, எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி அந்த உடன்படிக்கையின் கீழ் அனுப்ப முடியாது.

பொதுமக்கள் செய்ய வேண்டியது

வீட்டு உபயோகிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் தனிப் பிரிவு இந்த விதிகளில் இல்லை. பழைய பொருள் காயலான் கடைக்குப் போவதா, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போவதா என்பது அவர் எடுக்கும் முடிவு. முதலில் பழுதுபார்க்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. கருவியின் ஆயுள் நீடித்தால் கழிவு குறையும். கைவிடுவதென்றால் அதிலுள்ள தகவல்களை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிவிட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரியையும் குழல்விளக்கையும் வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது.

பாதிப்பு நேர்ந்தால்

குடியிருப்புப் பகுதியில் வயர் எரிப்பதையோ அமிலம் கொட்டுவதையோ கண்டால், இடம், நாள், புகைப்படம் ஆகியவற்றுடன் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தந்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். மாசால் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் ஏற்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். இழப்பீட்டுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் உள்ளது. வழக்கறிஞர் இன்றி நேரிலும் வாதாடலாம்.

பதிவு பெறாத இடத்தில் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கக்கூடும். அந்த லாபத்துக்கான விலையைப் பட்டறைத் தொழிலாளியும் அவர் குழந்தைகளும் கொடுக்கிறார்கள். எனவே பழைய கருவியை ஒப்படைக்கும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள்.