டெம்லோ ஸ்டேஷனில் உதித்த எண்

மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில், புனே ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் கோர்படியைக் கடக்கிறது. கூட்ஸ் வண்டி நகரும்போது வேகன்களில் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்களைக் கூட்டிப் பார்ப்பது என் பக்கத்து வீட்டுப் பையனின் பொழுதுபோக்கு. ஒரு நாள் அவனிடம் நோட்டைக் கொடுத்து, 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கச் சொன்னேன்.

ஒன்பது வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது ஒன்றுகள். ஒவ்வொரு வரிசையும் ஓர் இடம் தள்ளி. கூட்டினால் 12345678987654321. 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 898 கோடி, அதற்கு மேலும் சில்லறை! பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

இதற்கு 'அற்புத டெம்லோ எண்' என்று பெயர். டெம்லோ என்பது கணித மேதை யாருடைய பெயரும் அல்ல, ஒரு ரயில்வே ஸ்டேஷன். இன்றைய டோம்பிவிலிதான் அது. பழைய ஜிஐபி ரயில் பாதையில் மும்பையிலிருந்து 30 மைல். இத்தகைய எண்களை ஆராயும் யோசனை தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகருக்கு உதித்தது அங்கேதான். கோர்படியைக் கடக்கும் சென்னை ரயில் அதற்கு முன்பே அந்த ஸ்டேஷனையும் கடந்துதான் வருகிறது.

கப்ரேகர் 1905-இல் தகாணுவில் பிறந்தவர். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தபோது, 1927-இல், சுயமான கணித ஆய்வுக்காக ராங்லர் பராஞ்ச்பே பரிசு பெற்றார். முதுகலைப் பட்டம் கிடையாது. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகேயுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர்.

அவருடைய எண்ணை நடுவிலுள்ள 9-க்கு இருபுறமும் வெட்டிப் பாருங்கள். இடது பாதி 12345678, வலது பாதி 87654321. இரண்டையும் கூட்டினால் 99999999. எண்ணின் எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 81. அந்த 81-ஆல் முழு எண்ணையும் பெருக்கினால் 999999999-இன் வர்க்கம் வந்து நிற்கும்.

இலக்கங்களோடு ஆடும் இந்த ஆட்டத்தை இந்தியக் கணிதவாதிகள் பலர் மதிக்கவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. நமக்குப் பத்து விரல்கள். அதனால் பத்து இலக்கங்கள். எழுதும் முறை மாறினால் இந்த அழகு என்னாகும்? அந்த எண்ணின் பகா எண் காரணிகள் 3, 37, 333667 ஆகிய மூன்று மட்டுமே (3 நான்கு முறை, மற்றவை இரண்டிரண்டு முறை). எத்தனை விரல்களோடு பிறந்தவர் கணக்குப் போட்டாலும் இது மாறாது. கணிதவாதிகள் 'குணம்' என்று மதிப்பது இதைத்தான்.

ஆனால் கப்ரேகர் பக்கமும் வலுவில்லாமல் இல்லை. எட்டு இலக்கங்களை மட்டுமே வைத்து எழுதும் முறையில் ஏழு ஒன்றுகளைத் தம்மாலேயே பெருக்கினால் 1234567654321 வரும். அதாவது, ஏறி இறங்கும் படிக்கட்டு பத்து விரல்களின் தற்செயல் அல்ல. படிகளின் எண்ணிக்கைதான் மாறுகிறது. இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கியவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அவருக்குப் பெரும் புகழ் தந்த 6174 என்ற எண்ணைப் பற்றி அவர் அறிவித்தது 1949-இல், நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். ஆனாலும் மார்ட்டின் கார்ட்னர் 1975-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது கப்ரேகருக்கு வயது எழுபது. 1986-இல் காலமானார்.

"பத்து ஒன்று போட்டால்?" என்று கேட்டான் பையன். போட்டும் பார்த்தான். நடுவரிசையின் கூட்டுத்தொகை பத்தாகி, மிச்சம் இடப்பக்கம் ஏற, படிக்கட்டு இடிந்தது: 1234567900987654321. ஏறும் வழியில் 8-ஐக் காணோம். எங்கே தவறு செய்தோம் என்று மூன்று முறை சரிபார்த்தான். தவறே இல்லை.